குச்சியை வெட்டாதீங்க, வளைங்க!

மொதல்லயே சொல்லிடறேன், பே மரம்னா பேய் மரம் இல்லீங்க. நான் ஒண்ணு வளர்க்கப் போறேன்னு சொன்னப்போ ரங்கமணி "ஏற்கனவே வீட்டுல ஒண்ணு இருக்கே"ன்னு சொல்லிட்டு தானே விழுந்து விழுந்து சிரிச்சார். அதுக்கப்புறம் வீட்டுக்கு வந்த எல்லார்கிட்டயும் அதே ஜோக்கைச் சொல்லித் தேய்ச்சாச்சு. அதனால பின்னூட்டத்துல யாரும் அதை மறுபடி ஆரம்பிக்க வேண்டாம், ப்ளீஸ் :-)

விஷயத்துக்கு வரேன். இங்க லண்டன்ல எந்தக் கடைக்குப் போனாலும் மசாலா வரிசையில 'பே லீஃப்'னு ஒரு காஞ்ச இலை இருக்கும். பிரியாணிக்குப் போடற பிரிஞ்சி இலைதான் இதுன்னு நானும் பல வருஷம் நம்பிட்டு இருந்தேன். ரெண்டும் வேற வேற மரம். நம்ம பிரிஞ்சி இலை இமயமலை அடிவாரத்துப் பக்கத்து மரம், பட்டைக்குக் கூடப்பிறந்த மாதிரி. இலையைத் திருப்பிப் பார்த்தா நீளவாக்குல மூணு நரம்பு ஓடும், மோந்தா பட்டை வாசனை வரும். இங்க கிடைக்கறது மத்தியதரைக் கடல் பக்கத்து மரம், லாரஸ் நோபிலிஸ்னு பேரு. நடுவுல ஒரே ஒரு நரம்பு, அதுலேர்ந்து ரெண்டு பக்கமும் கிளை பிரியும். பச்சை இலையைக் கசக்கினா யூகலிப்டஸ் தைலம் ஞாபகம் வரும். பழைய கிரேக்கத்துல ஜெயிச்சவங்க தலையில சூட்டினாங்களே, அந்த இலை இதுதான். ரசத்துல போட்டுப் பார்த்தேன். நீங்க போடாதீங்க.

இந்த மரத்தைத் தொட்டியில வளர்க்கறவங்க நம்ம ஆளுங்கள்லயே இப்ப நிறைய பேர் இருக்காங்க. கறிவேப்பிலைச் செடியை ஜன்னல் ஓரம் வச்சு, ஒவ்வொரு டிசம்பருக்கும் அது இலையெல்லாம் கொட்டறதைப் பார்த்து அழுது ஓய்ஞ்சவங்களுக்கு, பனியிலயும் பச்சையா நிக்கற ஒரு சமையல் செடி கிடைச்சா விடுவாங்களா? ஒண்ணு வந்ததும் அடுத்தது ஆசை வரும். இதுலேர்ந்து இன்னொண்ணு உண்டாக்கறது எப்படி? அங்கதான் எனக்கு ஒரு கருத்து இருக்கு. கருத்துன்னு சொல்றதைவிட மூணு வருஷத்துக் கோபம்னு சொல்லலாம்.

புத்தகத்தைப் பிரிச்சாலும் சரி, வீடியோவைப் பார்த்தாலும் சரி, எல்லாரும் ஆரம்பிக்கறது ஒரே இடத்துல. "கோடை முடியற நேரத்துல பாதி முத்தின கிளையில 10, 15 செ.மீ. நீளத்துக்கு ஒரு குச்சி வெட்டி, கீழ் இலைகளை எடுத்துட்டு, மணல் கலந்த மண்ணுல குத்தி வைக்கவும்." அவ்ளோ சுலபம். கடைசி வரியில போகிற போக்குல "வேர் விட சில மாதங்கள் ஆகலாம்"னு ஒண்ணு வரும். அந்த ஒரு வரிக்குள்ள என் மூணு வருஷம் ஒளிஞ்சிருந்தது.

வீட்டுல ஒத்தைத் தொட்டி மரம் வச்சிருக்கறவங்க குச்சியில ஆரம்பிக்கவே கூடாதுங்கறதுதான் நான் சொல்ல வர்றது. பதியம் போடணும். ஏன்னு சொல்றதுக்கு ஒரு தாத்தா கதையைச் சொல்லியாகணும்.

எங்க பக்கத்து வீட்டுல ஒரு சைப்ரஸ் தாத்தா இருந்தார். வடக்கு லண்டன்ல எங்க ஏரியா பூரா சைப்ரஸ்காரங்க ஜாஸ்தி. இவரோட கிராமம் அந்தத் தீவோட வடக்குப் பக்கம். 1974-ல துருக்கிப் படை வந்தப்போ கட்டின துணியோட கிளம்பினவர். அந்தக் கோட்டைத் தாண்டிப் போக 2003-லதான் விட்டாங்க. அந்த வருஷமே போய்ப் பார்த்துட்டு வந்தாராம். "வீட்டுல வேற ஒரு குடும்பம் இருந்தது. காபி கொடுத்தாங்க. நல்ல காபி"ன்னு மட்டும் சொல்வார். அதுக்கு மேல அந்தப் பேச்சுல ஒரு வார்த்தை வராது.

அவர் வீட்டுக் கொல்லையில ஒரு பெரிய மண்தொட்டியில பே மரம். கிரேக்க மொழியில அதுக்கு 'தாஃப்னி'னு பேர், அவர் அப்படித்தான் கூப்பிடுவார். ஹோட்டல் வாசல்ல சங்கிலி போட்டு ஜோடியா நிக்க வைப்பாங்களே, உருண்டைத் தலையோட லாலிபாப் மாதிரி, அந்த மாதிரி இல்லை. அடியிலேர்ந்தே நாலஞ்சு தண்டு கிளம்பி, தலைவாராத பிள்ளை மாதிரி நின்னுட்டு இருக்கும். "ஊர்லேர்ந்து கொண்டு வந்ததா தாத்தா?"ன்னு நான் ரொம்ப உருக்கமா கேட்டேன். "இல்லையே, சந்தையில வாங்கினேன். நாலு பவுண்டு"ன்னார். எனக்குள்ள எழும்பிட்டு இருந்த கவிதை அங்கேயே பொசுக்னு போச்சு. ஆனா நாலு பவுண்டு கொடுத்து வாங்கி முப்பது வருஷத்துக்கும் மேல ஆச்சு. அவர் மனைவி இருந்த காலத்துல ஞாயித்துக்கிழமைக் கறிக்கு அந்த மரத்துலேர்ந்துதான் இலை. இப்பவும் வாரா வாரம் ரெண்டு இலை பறிச்சு, பருப்பு வேகும்போது போடுவார்.

2020-ல ஊரடங்குல எல்லாரும் ரொட்டி சுட்டப்போ நான் குச்சி நட்டேன். தாத்தா வேலிக்கு மேல ஒரு கொத்து கிளையை நீட்டினார். பன்னெண்டு குச்சி. புத்தகத்துல சொன்னபடியே வெட்டி, மணல் போட்டு, மேல பிளாஸ்டிக் பையைக் கவுத்து, அடுக்களை ஜன்னல்ல வச்சேன். அக்டோபர்ல பச்சையா இருந்துச்சு. ஜனவரியிலயும் பச்சை. எல்லாருக்கும் போன் போட்டு பீத்திக்கிட்டேன். மார்ச் கடைசியில ஒண்ணு கருக்க ஆரம்பிச்சது, ஏப்ரல் முடியறதுக்குள்ள பன்னெண்டும் காலி. பிடுங்கிப் பார்த்தா ஒரு வேர்கூட இல்லை. ஒரு சிலதுல மட்டும் வெட்டின இடத்துல வெள்ளையா ஒரு தழும்பு மாதிரி கட்டி.

பே மரம் ஏமாத்தறது இங்கதான். இலை தடிமன், தோல் மாதிரி. அதுல இருக்கற தண்ணி சுலபத்துல போகாது. அதனால செத்துப்போன குச்சியும் ஆறு மாசம் உயிரோட இருக்கற மாதிரியே முகம் காட்டும். கற்பூரவல்லி, துளசி எல்லாம் இந்த விஷயத்துல நேர்மையான செடிங்க, பத்து நாள்ல ஆமாவா இல்லையான்னு சொல்லிடும். இது பழைய காலத்து சம்பந்தி வீடு மாதிரி. சிரிச்ச முகமாவே உட்கார்ந்திருந்து, கடைசியில இல்லைன்னு சொல்லும்.

அடுத்த வருஷம் விடாம எட்டு குச்சி. இந்தத் தடவை வேர் ஊக்கப் பொடி, அடியில சூடு கொடுக்கற பாய் எல்லாம் வாங்கினேன். பொடிக்குப் பதிலா பட்டைத் தூள் தடவச் சொல்லி ஒரு வீடியோ சொன்னதால நாலுக்கு அது. பட்டையும் பே மரமும் ஒரே குடும்பம்தானே, சொந்தக்காரன் தூளைத் தடவினாலாவது ஒட்டுதான்னு பார்த்தேன். ம்ஹூம். ஊக்கப் பொடி தடவின நாலுல ஒண்ணு மட்டும் வேர் விட்டது, அதுவும் ஏழாவது மாசம். அந்த ஒத்தைப் பிள்ளையும் 2022 டிசம்பர்ல ஒரு வாரத்துக்கு மேல உறைபனி அடிச்சப்போ, நான் உள்ள எடுத்து வைக்க மறந்ததுல போயிடுச்சு. தரையில இருக்கற பெரிய மரம் லண்டன் குளிரைத் தாங்கிடும். சின்னத் தொட்டிக்குள்ள வேர் உறையறதைத்தான் தாங்காது. அது என் தப்பு, மரத்து மேல பழி போட மாட்டேன்.

அப்ப எல்லாரும் ஏன் குச்சியைச் சொல்றாங்க? நர்சரிக்காரங்க அப்படித்தான் செய்யறாங்க, அதனால. அவங்ககிட்ட அடியில சூடு இருக்கு, மேல பனி மாதிரி தண்ணி தெளிக்கற குழாய் இருக்கு, எல்லாத்துக்கும் மேல எண்ணிக்கை இருக்கு. ஆயிரம் குச்சி வச்சுப் பாதி போனாலும் பாதி மிஞ்சும், யாரும் அழ மாட்டாங்க. நமக்கு ஒரு மரம், அதுல எட்டோ பத்தோ குச்சி, அடுக்களை ஜன்னல், நடுவுல குழந்தைங்க பரீட்சை. அவங்க தொழிலுக்கு ஏத்த முறையை அப்படியே சுருக்கி நம்ம ஜன்னலுக்குக் கொடுத்தா அது நமக்குப் பொருந்துமா? கல்யாண சமையல்காரர்கிட்ட நாலு பேருக்கு சாம்பார் அளவு கேட்ட கதைதான்.

விதைன்னு ஒரு வழி இருக்கேன்னு கேட்பீங்க. பே மரத்துல ஆண் தனி, பெண் தனி. ஒத்தை மரம் வச்சிருந்தா முளைக்கற விதைக்கு பக்கத்துல ஜோடி வேணும். விதையைக் காயப் போட்டா முளைப்பு போயிடும், ஈரமா நட்டாலும் முளைக்க மாசக்கணக்குல ஆகும். எல்லாத்தையும் தாண்டி வர்றது வேற மரம். தாய் மாதிரி இருக்கும், தாயா இருக்காது.

சரி, பதியத்துக்கு வருவோம். எனக்கு இது மண்டையில உறைச்சதே ஒரு செங்கல்லைப் பார்த்துதான். பெரியம்மா வீட்டுல மல்லிகைக் கொடியோட ஒரு கிளையை வளைச்சு, மண்ணுக்குள்ள அமுக்கி, மேல ஒரு செங்கல்லைத் தூக்கி வச்சிருப்பாங்க. "ஏன் பெரியம்மா, அது வலிக்காதா?"ன்னு நான் கேட்டதுக்கு, "அம்மாகிட்டேயே பால் குடிச்சுக்கிட்டு கால் ஊணும்டி, ஊணினப்புறம் பிரிச்சா அழாது"ன்னாங்க. இவ்ளோதான் தத்துவம். வெட்டின குச்சிக்கு வேர் வர்ற வரைக்கும் தண்ணி கிடையாது, கையிருப்பை வச்சு ஓட்டணும். வேர் விட ஆறு மாசம் எடுத்துக்கற ஒரு மரத்துக்கு அது பட்டினி. பதியத்துல கிளை தாயோட ஒட்டியிருக்கு, சாப்பாடு வந்துக்கிட்டே இருக்கு. எவ்ளோ நாள் ஆனாலும் சாகாது. மெதுவா வேர் விடற செடிக்கு இதைவிடப் பொருத்தமா என்ன இருக்கு?

2022 மார்ச்ல தாத்தா தொட்டியில செஞ்சது இதுதான். அவர் மரத்துல தாழ்வா ரெண்டு கிளை வெளிப்பக்கம் சாய்ஞ்சிருந்தது. தொட்டிக்குப் பக்கத்துல ஒரு செங்கல் அடுக்கி, அது மேல சின்னத் தொட்டி வச்சு உயரம் சரி பண்ணினேன். பென்சில் மொத்தத்துல இருக்கற கிளையா பார்த்துக்கணும், ரொம்ப முத்தினது வளைக்கும்போது ஒடியும். மண்ணுக்குள்ள போற இடத்துல இலையை எடுத்துட்டு, அடிப்பக்கத் தோலை ஒரு விரல் நீளத்துக்குச் சாய்வா சீவிவிட்டேன். மேலேர்ந்து வர்ற சத்து அந்தக் காயத்துல தேங்கும், வேர் கிளம்பறது அங்கதான். கம்பியைக் கொண்டை ஊசி மாதிரி வளைச்சு மண்ணோட சேர்த்துக் குத்தி, கிளை நுனியை ஒரு குச்சியில நிமிர்த்திக் கட்டி, மேல மண் போட்டு, பெரியம்மா ஞாபகத்துக்கு அரைச் செங்கல்லையும் வச்சேன். அப்புறம் செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அந்தச் சின்னத் தொட்டி காயாம பார்த்துக்கணும். அந்த வருஷம் ஜூலையில இங்கிலாந்து சரித்திரத்துல முதல் தடவையா 40 டிகிரி தாண்டிச்சே, அந்த ரெண்டு நாள் நானும் தாத்தாவும் மாத்தி மாத்தி அதுக்குத்தான் தண்ணி ஊத்தினோம். டிசம்பர் குளிர்ல என் குச்சிப் பிள்ளை செத்துச்சே, அப்பவும் இது ரெண்டும் அம்மா மடியில நல்லா இருந்துச்சு.

கிளை எல்லாம் உயரத்துல இருக்கற லாலிபாப் மரமா இருந்தா? விண் பதியம். நம்ம ஊர்ல மாதுளைக்கும் எலுமிச்சைக்கும் போடற அதேதான். கிளையில ரெண்டு செ.மீ. அகலத்துக்கு மோதிரம் மாதிரி தோலை உரிச்சு, ஈரப் பாசியை உருண்டையா வச்சு, பிளாஸ்டிக் தாளால சுத்தி ரெண்டு முனையும் கட்டணும். வசந்தத்துல கட்டுங்க, அடுத்த வசந்தம் வரைக்கும் பிரிக்காதீங்க. வெயில் நேரா படற பக்கம்னா மேல ஒரு துணி சுத்துங்க.

இன்னொரு குறுக்கு வழியும் இருக்கு, இதை யாரும் சொல்றதே இல்லை. உங்க மரத்தோட அடியைக் கிண்டிப் பாருங்க. பே மரம் அடியிலேர்ந்து பக்கக் கன்று விடும். அதுல வேரோட இருக்கற ஒண்ணைப் பிரிச்சு எடுத்தா வேலை முடிஞ்சது. சின்னத் தொட்டியில மலிவா விக்கற செடின்னா இன்னும் ஜோர். பல சமயம் ஒரே தொட்டியில மூணு நாலு செடியை நெருக்கி வச்சுத்தான் விப்பாங்க. ஒரு செடின்னு வாங்கி மூணு செடியா பிரிச்சவ நான்.

நடுவுல ஒரு எச்சரிக்கை. இங்க வேலிக்கு வைக்கிற செடி ஒண்ணையும் 'லாரல்'னுதான் சொல்றாங்க, முழுப் பேர் செர்ரி லாரல். அதுவும் பளபளன்னு பச்சையா இருக்கும். அது சமையலுக்கு ஆகாது, விஷம், கசக்கினா சயனைடு விடற இலை. தோழி ஒருத்தி தெருவோர வேலியிலேர்ந்து அதைப் பறிச்சுட்டு வந்து "உன் இலை சும்மா கிடைக்குது பாரு"ன்னா. நல்லவேளை, சட்டியில போடறதுக்கு முன்னாடி காட்டினா. பெரிய இலை, ஓரத்துல லேசா பல், பாதாம் வாசனை இருந்தா கிட்டயே போகாதீங்க. அதே மாதிரி, பே மரத்துல இலை ஓரம் சுருண்டு, தடிச்சு, மஞ்சளடிச்சு, உள்ள பஞ்சு மாதிரி பூச்சி இருந்தா அந்தக் கிளையை வெட்டிக் குப்பையில போட்டுட்டு வேற கிளையில பதியம் போடுங்க.

2023 ஏப்ரல்ல செங்கல்லை எடுத்தேன். தொட்டியோட அடி ஓட்டையில வெள்ளை வேர் எட்டிப் பார்த்துட்டு இருந்துச்சு. தாய்ப்பக்கம் ரெண்டு வெட்டு, அவ்ளோதான். ஒரு இலைகூட வாடலை. பெரியம்மா சொன்னது சரி, அழவே இல்லை. ஒண்ணு எனக்கு, இன்னொண்ணு சும்மா கிடக்கட்டும்னு தாத்தா கொல்லையிலயே வச்சோம்.

அந்த ஆகஸ்ட்ல தாத்தா மாடிப்படியில விழுந்தார். இடுப்பு எலும்பு. ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா மகன் வீட்டுக்கு, வேற ஊர், மூணாவது மாடி. வீட்டை விக்க முடிவு பண்ணிட்டாங்க. பெரிய மரத்தைத் தூக்கிட்டுப் போகலாமேன்னு மகன்கிட்ட கேட்டேன். ரெண்டு பேர் சேர்ந்து ஆட்டிப் பார்த்தோம், அசையலை. தொட்டி ஓட்டை வழியா வேர் இறங்கி, கொல்லைக் கல்லுக்கு அடியில எங்கேயோ போயிருக்கு. மகன் நல்லவர்தான். "கவலைப்படாதீங்க, அப்பாவுக்குக் கடையில புதுசா ஒண்ணு வாங்கித் தர்றேன், நாப்பது பவுண்டுதானே"ன்னார்.

இந்த "புதுசா ஒண்ணு வாங்கலாமே"தான் நான் சண்டை போடற இன்னொரு கட்சி. இலைதான் வேணும்னா தாராளமா வாங்குங்க, நானே கடை சொல்றேன். ஆனா பதியத்துல வர்றது அதே மரம்ங்க. விதையில வர்ற மாதிரி பிள்ளையோ பேரனோ கிடையாது. அந்த நாலு பவுண்டு மரத்தோட கிளைதான் வேற தொட்டியில நிக்குது. தாத்தாவோட மனைவி இலை பறிச்ச அதே செடி. இதை நான் அந்த மகனுக்கு எப்படி விளக்கறது? அவருக்கு வீட்டு வேலையே தலைக்கு மேல. ஒண்ணும் பேசாம அந்த ரெண்டாவது தொட்டியை எங்க பக்கம் தூக்கி வச்சுக்கிட்டேன்.

அக்டோபர்ல ரயில்ல மடியில வச்சு எடுத்துட்டுப் போனேன். எதிர்ல உட்கார்ந்திருந்த குழந்தை பூரா நேரமும் அதைத் தொட்டுக்கிட்டே வந்துச்சு. தாத்தா ரொம்ப மெலிஞ்சிருந்தார். செடியைப் பார்த்ததும் எதாவது சொல்வார்னு எதிர்பார்த்தேன். ஒரு இலையைப் பறிச்சார், பாதியா கிழிச்சார், மூக்குகிட்ட வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். அப்புறம் மண்ணைத் தொட்டுப் பார்த்துட்டு, "கோரி மு, தண்ணி ஜாஸ்தி ஊத்தறே"ன்னார். கோரி முன்னா அவங்க பேச்சுல என் மகளேன்னு அர்த்தம்.

வீட்டை வாங்கினவங்க அடுத்த வசந்தத்துல கொல்லையைச் சமமாக்கிக் கல் பாவிட்டாங்க. மரத்தை ரம்பம் வச்சு மூணு மணி நேரத்துல முடிச்சாங்க. அவங்க கொல்லை, அவங்க இஷ்டம். வேலி ஓரம் போய் ஒரு பை நிறைய இலை மட்டும் கேட்டு வாங்கிட்டு வந்தேன். நான் 2020-ல விட்ட மாதிரியே வருஷா வருஷம் குச்சியை நட்டுக்கிட்டு இருந்திருந்தா, அன்னிக்குக் கையில அந்தப் பைதான் மிஞ்சியிருக்கும்.

"எனக்குக் குச்சியிலயே வந்துச்சே"ன்னு ரெண்டு பேராவது சொல்லப் போறீங்கன்னு தெரியும். சந்தோஷம். எத்தனை வச்சு எத்தனை வந்துச்சுன்னும் சேர்த்துச் சொல்லுங்க :-)

தாத்தா செடி இப்ப பால்கனியில அவர் இடுப்பு உயரத்துக்கு நிக்குது. போன மாசம் போன் பண்ணினார். மகளுக்கும் ஒண்ணு வேணுமாம், அவசரமாம். "ஒரு வருஷம் ஆகும் தாத்தா"ன்னேன். "நான் எங்கே போகப் போறேன், செங்கல் மட்டும் இங்க கிடைக்கலை, வரும்போது ஒண்ணு எடுத்துட்டு வா"ன்னார். ரயில்ல செங்கல் கொண்டு போற பொம்பளையை யாராவது பார்த்தீங்கன்னா, அது நான்தான்.